உப்பு ஒட்டாத முகம்

வாழ்நாள் முழுக்கப் படம் பிடித்தவன் நான். என் படங்களில் யாரும் சிரித்ததில்லை, இன்னொரு காப்பி வேண்டும் என்று யாரும் கேட்டதுமில்லை. கல்யாண வீட்டில் என்ன வேலை என்று விசாரிப்பவர்களிடம் "போட்டோ எடுக்கிறேன்" என்று சொல்லிவைப்பேன். உடனே தலையைச் சரிசெய்துகொள்வார்கள். எலும்புகளை மட்டும்தான் எடுப்பேன் என்று தெரிந்ததும் அடுத்த பந்திக்கு எழுந்து போய்விடுவார்கள்.

எக்ஸ்ரேக்காரர்கள் சங்கம் சிறப்பு மலர் போடுகிறது, ஓய்வுபெற்றவர்கள் அனுபவம் எழுத வேண்டும் என்றார்கள். நான் வயது முடிந்து ஓய்வு பெற்றவன் அல்ல. ஐம்பதைத் தாண்டிய கையோடு முதுகுவலி காரணமாக விருப்ப ஓய்வில் வந்தவன். ஊரார் முதுகையெல்லாம் வெளிச்சத்தில் பார்த்தவனுக்குத் தன் முதுகு செய்த மரியாதை இது. "சார், இப்ப எலும்பு அடர்த்திய மெஷினே நம்பர் போட்டுக் குடுத்துடுது, அந்தக் காலத்துல எப்படிக் கண்டுபுடிச்சீங்க?" என்று இளையவர்கள் கேட்டார்கள். கண்டுபிடித்தது நான் இல்லை. சாத்திய கதவு மட்டும்தான் என்னுடையது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல ஏதுமில்லை. மூச்சை இழு, பிடி, விடு. இந்த மூன்றையும் சரியான இடைவெளியில் சொல்லக் கற்றுக்கொண்டதும் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள்.

சுனாமிக்கு மறு வருஷம் மரக்காணம் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு மாற்றலானேன். யாரோ புண்ணியவான்கள் அதற்கு ஒரு எக்ஸ்ரே மெஷின் தானம் கொடுத்திருந்தார்கள். கூடவே வந்த கையேடு எந்த தேசத்து மொழியில் இருந்தது என்பது கடைசிவரை தெரியவில்லை. என் அறை ஜன்னலைத் திறந்தால் உப்பளம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு துண்டு வானம். நடுப்பகலில் கானலில் உப்புக் குவியல்கள் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பி மிதப்பதுபோலத் தெரியும். சாப்பாட்டுக்குப் பிறகு அதைப் பார்த்துக்கொண்டே நின்றால், விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்பது எனக்கே விளங்காது. ஆஸ்பத்திரிக்கும் விளங்கவில்லை என்பதால் சம்பளம் ஒழுங்காக வந்தது.

இருட்டறையும் அப்படித்தான். சிவப்பு விளக்கடியில் ஃபிலிமை மருந்துத் தண்ணீரில் அமிழ்த்திவிட்டு நிற்க வேண்டும். முதலில் ஒன்றுமிருக்காது. பிறகு யாரோ ஒருவருடைய விலா எலும்பு எங்கிருந்தோ புறப்பட்டு மெல்ல வரும். வெளியே பாத்தியில் தண்ணீர் வற்ற வற்ற உப்பு பூக்கும். உள்ளே என் தொட்டியில் எலும்பு பூக்கும். இரண்டுக்கும் அவசரம் ஆகாது. அவசரம் ஆகாத ஒரு வேலை எனக்குக் கிடைத்ததை நினைத்து நான் அடிக்கடி வியந்திருக்கிறேன்.

எங்கள் டாக்டர் அருளப்பன் நாற்பது வயதுக்காரர், குச்சி போன்ற உடம்பு. எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார், மெஷினையும் சேர்த்து. "இன்னைக்கு இவங்க மூட் எப்படி?" என்று அதைக் காட்டிக் கேட்பார். திட்டுவதாக இருந்தால் "தயவுசெய்து" என்று ஆரம்பிப்பார். அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் செய்த தப்பைத் தேட ஆரம்பித்துவிடுவேன். நோயாளியைத் தொடும் முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "அது கையில இருந்தா அதைத்தான் பார்ப்பேன்" என்றார். ஃபிலிம் பார்க்கும் விளக்குப் பெட்டியில் பல்பு விட்டுவிட்டு எரியும் என்பதால் ஃபிலிமை ஜன்னலில் வைத்துத்தான் பார்ப்பார். அப்படிப் பார்க்கும்போது நோயாளியின் எலும்புகளுக்குப் பின்னால் உப்பளம் முழுவதும் தெரியும்.

ஏழுமலை வந்தது கோடையில், உப்பு வாரும் உச்சத்தில். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. பாத்தியிலிருந்து உப்புக்கூடையைத் தூக்கத் தோள் கொடுத்திருக்கிறான். முதுகுக்குள் ஏதோ நறுக்கென்றதாம். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டவனைக் கூட வேலை செய்த நான்கு பேர் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். பின்னாலேயே அவன் அம்மா அஞ்சலை வந்தாள். அவளுக்கும் பின்னால், கொஞ்சம் தள்ளி, அவன் பெண்டாட்டி மல்லிகா.

அஞ்சலை வராந்தாவில் கால் வைத்ததுமே ஆரம்பித்துவிட்டாள்.

"வந்த நாளா ஒரு புழு பூச்சி இல்ல. இப்போ எம்புள்ள இடுப்பையும் ஒடிச்சிட்டா. தோ, வானூர்ல பொண்ணு பாத்து வச்சிக்கீறேன். ஆவணி பொறக்கட்டும், இவள அவ அப்பன் ஊரு இரும்பைக்கே அனுப்பிட்டு மறுவேல பாக்குறேன்."

மருந்துச் சீட்டுக்கு நின்றிருந்தவர்கள் எல்லோரும் மல்லிகாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையிலிருந்த தூக்குவாளியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

ஏழுமலையைப் பக்கவாட்டில் படுக்கவைத்து முதுகுத்தண்டைப் படமெடுத்தேன். தொட்டியில் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். முதுகெலும்பு வரவேண்டிய இடத்தில் புகைபோல ஏதோ வந்தது. ஓரங்கள் மட்டும் பென்சிலால் மெல்லக் கோடிழுத்த மாதிரி. நடுவில் ஒரு எலும்பு முன்பக்கம் நசுங்கி ஆப்பு வடிவத்தில் கிடந்தது. கரண்ட் ஏறியிருக்கும் என்று நினைத்து அளவைக் குறைத்து மறுபடி எடுத்தேன். மறுபடி புகை.

டாக்டர் ஜன்னலில் வைத்துப் பார்த்தார். முதுகுத்தண்டின் வழியாக உப்புக் குவியல்கள் தெரிந்தன.

"தயவுசெய்து" என்றார். "மருந்துத் தண்ணி பழசா?"

"நேத்துதான் கலக்கினது சார்."

"இவங்க மூடு?"

"நல்லாத்தான் இருக்காங்க சார்."

அவர் படத்தை என்னிடம் கொடுத்தார். பிறகு கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். சட்டையையும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மேசைமேல் ஏறி, ஏழுமலை படுத்த அதே பக்கமாகப் படுத்துக்கொண்டார்.

"என்னையும் அவரையும் பாருங்க. ஒரே உசரம், ஒரே ஒல்லி. அவருக்கு வச்ச அதே அளவு, அதே தொட்டி. எடுங்க."

மேலதிகாரியைப் பார்த்து "மூச்ச இழு" என்று சொல்வதா, "இழுங்க" என்று சொல்வதா என்று நான் திகைத்த திகைப்பில் ஒன்றும் சொல்லவில்லை. அவரே இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

ஈரம் சொட்டச் சொட்ட இரண்டு ஃபிலிம்களையும் ஜன்னலில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தோம். டாக்டருடைய எலும்புகள் அடுக்கிவைத்த வெள்ளைச் செங்கல்களாக இருந்தன. ஏழுமலையுடையவை விடிகாலைப் பனி. மெஷின் மீதும் என் மீதும் குற்றமில்லை என்று தெரிந்து எனக்கு வந்த சந்தோஷம் அற்பமானது. உடனே அடக்கிக்கொண்டேன்.

"இது கெழவிங்களுக்கு வர்ற எலும்பு" என்றார் டாக்டர் தணிந்த குரலில். "இந்த வயசு ஆம்பளைக்கு இப்படித் தேஞ்சா, தேய வச்சது எதுவோ ஒண்ணு இருக்கணும். அதைத் தேடணும்."

ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏழுமலை பக்கத்தில் உட்கார்ந்தார். டாக்டர்கள் கேள்வி கேட்டு எத்தனையோ பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பதிலை எதிர்பார்க்காத கேள்விகளாக இருக்கும். இவர் கடலோரம் மீன்காரர்கள் வலையில் சிக்கெடுப்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்தார்.

"சாராயம் உண்டா?"

"யாராச்சும் வாங்கிக் குடுத்தா சார். யாரு வாங்கிக் குடுக்கிறா?"

"மூச்சிரைப்பு, மூட்டுவலின்னு நாட்டு வைத்தியருகிட்ட பொடி, மாத்திரை? சில பேரு அதுல ஸ்டீராய்டு கலந்து குடுப்பாங்க, எலும்ப அரிச்சிடும்."

"தலவலிக்கே மாத்தர போடறதில்ல."

"வலிப்பு? அதுக்கு வருஷக்கணக்கா மாத்திரை?"

"இல்ல."

"சாப்பிட்டது ஒட்டாம வயித்தால போகுமா?"

"கல்லத் தின்னாலும் செரிக்கும் சார். கருவாடு இருந்தா கல்லே வேணாம்."

"பீடி?"

"அது இருக்குது."

"குறைங்க. எலும்புக்கும் ஆகாது. வெயில்ல நிக்கிறீங்களா?"

ஏழுமலைக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது. "வெயில்லயா? சார், உப்பளத்துக்காரன கேக்கிற கேள்வியா இது?"

டாக்டரும் சிரித்தார். அப்போதுதான் அவர் பார்வை வாசலுக்குப் போனது. கட்டில் தூக்கி வந்த நான்கு பேரும் அங்கே குந்தியிருந்தார்கள். உப்பளத்தில் வேலை முடிந்த ஆண்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வேர்வையும் உப்புத் தண்ணீரும் முகத்தில் காய்ந்து, நாலு நாள் தாடியில் உப்பு ஒட்டிக்கொண்டு, இருபது வயதுக்காரனும் வெள்ளைத் தாடிக் கிழவனாக இருப்பான். குளித்தால் வாலிபம் திரும்பும். அந்த நான்கு பேரும் அப்படித்தான் நரைத்திருந்தார்கள். டாக்டர் அவர்களைப் பார்த்தார். பிறகு ஏழுமலையைப் பார்த்தார். ஏழுமலையின் கன்னத்தில் உப்பு தூசியாகப் படிந்து உதிர்ந்திருந்ததே தவிர, ஒட்டவில்லை. ஒட்டிக்கொள்ள அங்கே ஒன்றுமில்லை.

எழுந்துபோய் என் அறைக் கதவைச் சாத்தினார். அந்த ஆஸ்பத்திரியில் முழுசாகச் சாத்திக்கொள்ளும் கதவு அது ஒன்றுதான்.

"எப்பப்ப ஷேவ் பண்ணுவீங்க?"

"தீபாவளிக்கு. பொங்கலுக்கு." கொஞ்சம் பொறுத்து, "அதுவே ஒரு மருவாதிக்கு."

"சின்ன வயசுல கன்னம் வீங்கி, பொன்னுக்கு வீங்கி வந்துச்சா?"

ஏழுமலையின் முகம் தெளிந்தது. அவ்வளவு வலியோடு படுத்திருந்தவன் ஏதோ திருவிழாவை நினைத்துக்கொண்டவன்போல மேலே பார்த்தான்.

"மீச மொளைக்கிற வயசு சார். ரெண்டு பக்கமும் பூசணிக்கா மாரி. பொன்னுக்கு வீங்கின்னா கழுத்துல தங்கம் போடணுமே, எங்க வூட்டுல ஏது? அம்மா மேஸ்திரி வூட்டுக்குப் போயி, கால்ல வுழாத கொறையா அந்தம்மா செயின கேட்டு வாங்கியாந்து போட்டுச்சு. அந்தக் கொஞ்ச நாளு என்னை வேலைக்கு அனுப்பல. உப்புத் தண்ணில செயினு வுழுந்துட்டா? வரப்பு மேல ராசா மாரி குந்திகினு இருந்தேன். சூரியன் எறங்குறப்போ தண்ணில பாத்தா கழுத்துல தகதகன்னு... என் வாழ்நாள்ல நான் தங்கம் போட்டது அவ்ளோதான் சார்."

நானும் அந்த வரப்பில் ஒரு கணம் உட்கார்ந்திருந்தேன்.

"கீழயும் வீங்குச்சா? விதையில?" என்றார் டாக்டர்.

வரப்பு, செயின், சூரியன் எல்லாம் போய்விட்டது.

"...வீங்குச்சு. அம்மாகிட்ட எப்பிடிச் சொல்றது? தானா வத்திப் போச்சு."

டாக்டர் தலையசைத்தார். பாண்டி பெரிய ஆஸ்பத்திரிக்கு ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வந்த அன்று நான் இருட்டறையில், திறந்த ஃபிலிமோடு நின்றிருந்தேன். அப்போது கதவைத் திறந்தால் ஃபிலிம் பாழ். அதனால்தான் வெளியே வரவில்லை என்று இதுவரை என் மனைவி உட்பட எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். அறைக்குள் டாக்டர் ஏழுமலையிடம் பேசுவது பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது.

"ஆம்பளைக்குன்னு உடம்புல ஒரு சுரப்பு இருக்குதுங்க. மீசைக்கு மட்டும் இல்ல. எலும்புக்கும் அதுதான் கூலி குடுக்குது. உங்களுக்கு அந்தக் காய்ச்சல்ல அது சுரக்கிற இடம் கெட்டுப் போச்சு. இத்தனை வருஷமா எலும்பு கூலியில்லாம வேலை பார்த்திருக்கு. தாங்கல."

"மருந்து இருக்குதா சார்?"

"இருக்கு. மூணு வாரத்துக்கு ஒரு ஊசி, சுண்ணாம்புச் சத்து மாத்திரை, இடுப்புக்கு பெல்ட்டு. எலும்பு தேறும். கூடை மட்டும் இனிமே தூக்கக் கூடாது."

என் தொட்டியில் யாருடைய முழங்காலோ வந்துகொண்டிருந்தது.

"கொழந்த?" என்றான் ஏழுமலை.

"அதுவும் அதே இடத்துச் சமாச்சாரம்தாங்க. ஊசி எலும்பைத் தேத்தும். அதைக் குடுக்கும்னு என்னால சொல்ல முடியாது. உங்க மனைவிகிட்ட குறை இருக்கிறதா நினைக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியல."

"எங்கம்மாகிட்ட சொல்லிடுவீங்களா சார்?"

"நான் உங்ககிட்டதான் சொல்லுவேன். நீங்க யார்கிட்ட சொல்றீங்கங்கறது உங்களது."

அவன் வெளியே போனான். "இன்னாடா சொன்னாரு?" என்றாள் அஞ்சலை.

"எலும்பு தேஞ்சிகீதாம்" என்றான் ஏழுமலை. அத்தோடு நிறுத்திக்கொண்டான்.

ஆனி போனது, ஆடி வந்தது. அவன் ஊசிக்கு வந்து போனான், பெல்ட் கட்டிக்கொண்டு நிமிர்ந்து. மல்லிகாவும் கூடவே வருவாள். அவள் அப்பன் வீட்டுக்குத் தூக்கிப்போகத் துணி மூட்டை தயாராகக் கட்டிவைக்கப்பட்டிருக்கிறது என்று நர்ஸம்மா சொன்னார். நான் வாயாடி. படித்ததையும் கேட்டதையும் மூன்றாவது ஆளிடம் சொல்லாமல் சாப்பிட உட்கார்ந்தவன் இல்லை. அந்த ஆடி மாதம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. டாக்டரைப் பார்த்தால் அவர் ஜன்னலில் யாருடைய எலும்பையோ வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆடி முடியும் தறுவாயில் ஒரு நாள், டாக்டர் முகாமுக்குப் போயிருந்த நேரம், அஞ்சலை மல்லிகாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு என் அறைக்குள் வந்தாள்.

"ஏம்பா படக்காரு, இவள ஒரு படம் புடி."

"எதுக்கு?"

"வயித்துல இன்னா கோளாறுன்னு தெரிய வாணாம்? இவ அப்பன் நாளைக்குப் பஞ்சாயத்துல வந்து நின்னா காட்டறதுக்கு எங்கிட்ட ஒண்ணு இருக்கணுமில்ல?"

"அதெல்லாம் இதுல தெரியாதும்மா. அதோட டாக்டர் சீட்டு இல்லாம எடுக்க மாட்டேன்."

"எம்புள்ளைக்கு மட்டும் ஒண்ணுக்கு ரெண்டா எடுத்த. ஒரு படத்துல உன் வூட்டு முதலா கொறஞ்சிடும்? ஏறுடி."

மல்லிகா ஏறுவதற்கான மரப்படியை இழுத்துப்போட்டு மேசைமேல் ஏறினாள். படுக்கவில்லை, உட்கார்ந்துகொண்டாள். கால்கள் தரையில் எட்டாமல் தொங்கின.

"எடுங்க சார்" என்றாள். "வர்ற பழி படத்தோட வரட்டும்."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் எந்தப் பெண் மேசைமேல் ஏறினாலும் முதலில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குக் கதிர் ஆகாது. பயிற்சியில் மூச்சை இழு, பிடி, விடு என்பதற்கு முன்பே இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கேட்டுக் கேட்டு என் வாய் என்னைக் கலக்காமலே அதைக் கேட்டுவிடும். எடுக்கப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தவன், அவளை எப்படி இறங்கச் சொல்வது என்று தெரியாமல் வாயைத் திறந்தேன். வாய் தன் வேலையைப் பார்த்தது.

"மாசமா இருக்கீங்களா?"

ஜன்னலுக்கு வெளியே குவியல்கள் மிதந்துகொண்டிருந்தன. நானும் அங்கே மிதக்கப் போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

"இல்லீங்க" என்றாள் மல்லிகா, தன் முழங்காலைப் பார்த்து.

"அவள எறக்குங்க சார்."

வாசலில் ஏழுமலை நின்றிருந்தான். ஊசிக்காக வந்தவன். கையில் அந்த மஞ்சள் பை. ஊசிக்கு வரும்போதெல்லாம் தன் படத்தை அதில் போட்டுக் கொண்டுவருவான், யாரும் கேட்காவிட்டாலும்.

"நீ போடா, பொம்பள விசயம்" என்றாள் அஞ்சலை.

"படம் எப்பவோ எடுத்தாச்சும்மா. அது எம்படம்." உருவி எடுத்து ஜன்னலில் வைத்துப் பிடித்தான், டாக்டர் பிடிப்பதுபோலவே. "பொன்னுக்கு வீங்கி வந்துச்சே, அது கீழ எறங்கிடுச்சு. நான் சொல்லல ஒங்கிட்ட. எலும்பும் அதனால போச்சு, புள்ளையும் அதனாலதான் இல்ல. இவகிட்ட ஒண்ணுமில்ல. நீ வானூர்ல பொண்ணு பாத்தாலும் வடக்க போயி பாத்தாலும் எங்கிட்டதான் இல்ல."

அஞ்சலை படத்தைப் பார்த்தாள். அதில் அவளுக்கு என்ன தெரிந்திருக்கும்? கொஞ்சம் புகை, புகைக்குப் பின்னால் உப்பளம். மேசையின் மரப்படியில் அப்படியே உட்கார்ந்தாள்.

"செயினு போட்டனேடா" என்றாள்.

மகன் கழுத்தைப் பார்த்தாள்.

"போட்டனேடா. அவங்க வூட்டுல விசேசம்னு திருப்பிக் கேட்டாங்க. வீக்கம் பாதி வத்திப்போச்சேன்னு கழட்டிக் குடுத்துட்டேன். இன்னும் கொஞ்ச நாள் வுட்டிருந்தா..."

செயினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அறிவியல் என் பக்கம் இருந்தது. அஞ்சலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். மல்லிகா ஏழுமலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எழுத எனக்குத் தகுதியில்லை. கோபமும் அதில் இருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

அழுகை கொஞ்சம் அடங்கியதும், "எந்திரிங்க அத்தே" என்றாள். "படிய மறிச்சிகினு குந்தினா நான் எப்பிடி எறங்கறது?"

அஞ்சலை எழுந்தாள். மூக்கைத் துடைத்தாள். அந்த மேசை கொஞ்சம் உயரம். கிழவி தன் தோளைக் கொண்டுபோய் மேசையோரம் வைத்தாள். மல்லிகா அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

ஆவணி வந்து போனது. துணி மூட்டையை அவிழ்த்துவிட்டதாக நர்ஸம்மா சொன்னார்.

மறு கோடையில் எனக்கு வேறு ஊருக்கு மாற்றலானது. கிளம்புவதற்கு முன் ஒரு சாயங்காலம் சைக்கிளில் உப்பளப் பாதையில் போனேன். காரணமில்லை, மிதக்கும் குவியல்களிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான். வேலை முடிந்த கிழவர்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். அதிலொரு கிழவன் என் ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்தினான்.

"இன்னா சார், தெரியலியா?"

எனக்குத் தெரியவில்லை. இடுப்பில் பெல்ட்டைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. கூடை தூக்குவதில்லை, பாத்திக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலையாம். தாடி அடர்த்தி என்று சொல்ல முடியாது. அங்கங்கே முளைத்திருந்தது. முளைத்த இடமெல்லாம் உப்பு பிடித்து வெள்ளை வெளேரென்று இருந்தது.

பின்னால் மல்லிகா வந்தாள், தூக்குவாளியோடு.

"வாய்க்கால்லயே மூஞ்சி கழுவிட்டு வான்னா கேக்க மாட்டேங்குறாரு சார்" என்றாள். "வூடு வரிக்கும் இப்பிடியேதான் வர்றாரு. அதுவும் கடத்தெரு வழியா சுத்தினு."